மணப்பெண் வண்டி கிளம்பவில்லை

சாவியைத் திருப்பியதும் வண்டி 'டக்' என்று ஒரு சத்தம் போட்டது. இரண்டாம் தடவை திருப்பியபோது அந்தச் சத்தமும் இல்லை.

"பேட்டரி செத்துப்போச்சு" என்றாள் நெவேனா பின் சீட்டிலிருந்து. வெள்ளைக் கவுன் பொங்கிப் பொங்கி முகத்துக்கு வந்ததால் அதை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள். முன்னால் இருந்த யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"குளிர்ல கொஞ்சம் மக்கர் பண்ணுது" என்றார் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த புதிமிர். "வண்டியும் பொம்பளையும் கெஞ்சினாத்தான் கிளம்பும்." மீசையைத் தடவிக்கொண்டு மூன்றாம் தடவை திருப்பினார்.

எப்படிக் கிளம்பும்? பெண்ணைக் கூட்டிப்போக வந்த மாப்பிள்ளை வீட்டார் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, பெண்ணுக்குப் பேரம் பேசுகிறோம் என்று உள்ளே போனவர்கள் மத்தியானம் பூராவும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். பேரம் வெறும் விளையாட்டுத்தான். பெண்ணின் அண்ணன் கதவை மறித்துக்கொண்டு நிற்பான், இவர்கள் கெஞ்சுவார்கள், நடுவில் பிளம் சாராயம் சுற்றி வரும். அவ்வளவு நேரமும் வாசலில் மணப்பெண் வண்டியின் விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது, ரேடியோ ஊருக்கே கேட்கிற மாதிரி அலறிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டு, "யாராவது போய் அத அணைங்களேன்" என்று நெவேனா அப்போதே சொன்னாள். "கல்யாண வண்டி ஊமை மாதிரி நிக்குமா?" என்று கேட்டுவிட்டார் புதிமிர். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. ஏனென்றால் அவர்தான் கும்.

கல்யாணத்துக்குச் சாட்சி நிற்கிற கும் இல்லாமல் பாதிரியார் மணமக்கள் தலையில் சூட்டுகிற கிரீடத்தைத் தொட மாட்டார். மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் புதிமிரின் அப்பா கும், தாத்தாவுக்கு அவருடைய தாத்தா. பெற்ற தகப்பனை எதிர்த்துப் பேசினால்கூட மாப்பிள்ளையின் அம்மா தெசாங்கா மன்னித்துவிடுவாள். கும்மை எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னால் அந்த வீடு உருப்படாது என்பது அவள் கணக்கு. அந்தத் தெசாங்காதான் இப்போது நெவேனாவுக்குப் பக்கத்தில், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, காவல்காரி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

மாப்பிள்ளை வெல்கோ முன் சீட்டில் இருந்தான். வண்டி அவனுடையது, வியன்னாவில் குழாய் பொருத்தும் வேலை பார்த்துச் சம்பாதித்து வாங்கியது. ஆனால் மணப்பெண் வண்டியை ஓட்டுவது கும்மின் உரிமை என்று சாவியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தான். நல்லவன்தான், தங்கமானவன்தான். வாயைத் திறக்க வேண்டிய நேரத்தில் மட்டும் திறக்க மாட்டான்.

"வெல்கோ, மணி என்ன?" என்று கேட்டாள் நெவேனா.

"ரெண்டே முக்கால்."

"காவ்ரிலோ பாதிரியார் நாலு மணிக்குக் கோயிலப் பூட்டிட்டு அடுத்த ஊருக்குப் போயிடுவார். தெரியுமில்ல?"

"தெரியும்" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

நாளை விடிந்தால் நாற்பது நாள் கிறிஸ்துமஸ் நோன்பு ஆரம்பம். நோன்பில் எந்தப் பாதிரியாரும் கல்யாணம் செய்துவைப்பதில்லை. இது ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப்போன கல்யாணம் வேறு. முதல் தடவை வெல்கோவின் தாத்தா இறந்துபோனார், வருஷம் திரும்பாமல் ஆகாது என்றார்கள். அடுத்த தடவை இந்தப் புதிமிர் பிளம் மரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார், கும் எழுந்து நிற்க முடியாமல் என்ன கல்யாணம் என்றார்கள். அன்றைக்கே நெவேனா வெல்கோவிடம் சொல்லிவிட்டாள்: "மூணாவது தடவையும் தள்ளிப்போச்சுன்னா நாலாவது கிடையாது. நீ பாட்டுக்கு வியன்னாவுல இருந்துக்கோ, நான் பாட்டுக்கு இங்க இருந்துக்கறேன்." அவள் மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவனை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது, அதனால்தான் இன்னொரு தடவை காத்திருக்கத் தெம்பில்லாமல் சொன்னாள்.

"எல்லாரும் இறங்கித் தள்ளுங்கடா!" என்று புதிமிர் ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தார்.

"கும், இது ஆட்டோமேட்டிக் கியர் வண்டி" என்றாள் நெவேனா. "தள்ளினா ஸ்டார்ட் ஆகாது. நாள் பூரா தள்ளினாலும் ஆகாது."

"நீ பேசாம இரு மருமகளே" என்று தெசாங்கா அவள் முழங்கையைக் கிள்ளினாள். "கல்யாணப் பொண்ணு கும்முக்குப் புத்தி சொல்லுவாளா?"

"அத்தை, நான் வேலை பாக்கறதே வண்டிகளச் சோதிச்சுத் தகுதிச் சீட்டு குடுக்கற இடத்துலதான். வால்யெவோ டவுன்ல இருக்கற பாதி வண்டியோட வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்."

"அது நேத்து வரைக்கும்" என்றாள் தெசாங்கா.

ஏழெட்டு ஆம்பளைகள் கோட்டைக் கழற்றிவிட்டு வந்து மேட்டுப் பாதையில் வண்டியைத் தள்ளினார்கள். ட்ரம்பெட் வாசிக்கிற ஆள் தள்ளுகிறவர்களுக்கு உற்சாகம் கொடுக்கப் பக்கத்திலேயே நின்று ஊதினான். வண்டி பத்தடி நகர்ந்து ஒரு பள்ளத்தில் அமர்ந்துகொண்டது. எல்லாரும் மூச்சு வாங்கிக்கொண்டு, சாராயம் குடித்துக்கொண்டு, இதைப் பெரிய முன்னேற்றமாகப் பேசிக்கொண்டார்கள். நெவேனா தலையில் அடித்துக்கொள்ளப் போனாள், பூக்கிரீடம் தடுத்துவிட்டது.

பாதை ஒரு வண்டி போகிற அகலம்தான். ஒரு பக்கம் கல் சுவர், மறுபக்கம் ஓடை. பின்னால் கல்யாண வண்டிகள் வரிசையாக மூக்கும் வாலுமாக நின்றன. முன்னால் போக மணப்பெண் வண்டி வழிவிட வேண்டும். பின்னால் போகவோ தெசாங்கா விடமாட்டாள்.

"மாமா, ஒரு யோசனை" என்றாள் நெவேனா. ஜன்னலுக்கு வெளியே கைகட்டி நின்ற ராதோயே மாமா, தெசாங்காவின் தம்பி, குனிந்து பார்த்தார். முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். "பின்னாடி வண்டிங்கள ரிவர்ஸ் எடுக்கச் சொல்லுங்க. ஒண்ணு மட்டும் மில்லுப் பக்கமா சுத்தி முன்னாடி வரட்டும். மூக்குக்கு மூக்கு நிறுத்தி கேபிள் போட்டுரலாம். உங்ககிட்ட கேபிள் இருக்கில்ல?"

"கேபிள் இருக்கு" என்றார் ராதோயே.

"ரிவர்ஸா?" தெசாங்கா சிலுவை போட்டுக்கொண்டாள். "கல்யாண ஊர்வலம் பின்னாடி போறதா? வந்த வழியில திரும்பக்கூடாதுன்னுதானே இந்த மேட்டு வழியா சுத்திப் போறோம்! எங்க சித்தி கல்யாணத்துல ஒரே ஒரு வண்டி ரிவர்ஸ் எடுத்துச்சு. வருஷம் முடியறதுக்குள்ள சித்தப்பா ஓடிப்போயிட்டாரு."

"அவரு ஓடிப்போனதுக்கு வேற காரணம் இருந்துச்சு" என்று ராதோயே முணுமுணுத்தார்.

"நீ வாய மூடு."

ராதோயே மூடிக்கொண்டார். அந்தக் குடும்பத்து ஆம்பளைகளுக்கே இந்த வரம் போலிருக்கிறது. நெவேனா வெல்கோவின் பிடரியைப் பார்த்தாள். புதிதாக முடி வெட்டிய பிடரி, குளிரில் சிவந்திருந்தது. 'திரும்பு, ஒரு தடவை திரும்பி உன் அம்மாகிட்ட ஏதாவது சொல்லு' என்று மனசுக்குள் கத்தினாள். பிடரி அசையவில்லை.

அப்போதுதான் எதிரே, மேட்டின் வளைவில், ஒரு பால் வண்டி திரும்பியது. பாதை அடைபட்டிருப்பதைப் பார்த்து ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டே இறங்கி வந்து, மணப்பெண் வண்டியின் மூக்குக்கு முன்னால் நின்றது. கதவைத் திறந்துகொண்டு ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி ரப்பர் பூட்ஸோடு குதித்தாள்.

"கல்யாணமா கருமாதியா?" என்றாள். "வழிய விடுங்கப்பா. இன்னும் நாலு ஊர்ல பால் எடுக்கணும். உங்களுக்காக மாடு மடியப் பிடிச்சுக்கிட்டு நிக்குமா?"

தெய்வமே அனுப்பிய மாதிரி இருந்தது நெவேனாவுக்கு. ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டினாள். "அக்கா! பேட்டரி போயிருச்சு. உங்க வண்டிலேருந்து கொஞ்சம் கரண்ட் குடுத்தீங்கன்னா பத்து நிமிஷத்துல வழி விட்டுருவோம். பன்னெண்டு வோல்ட்தானே உங்களது?"

அந்தப் பெண் இடுப்பில் கைவைத்துக்கொண்டு மணப்பெண்ணை மேலும் கீழும் பார்த்தாள். "பன்னெண்டுதான். ஆனா போன வருஷம் ஒரு மகாராசன் கேபிள மாத்திப் போட்டு என் வண்டி வயரெல்லாம் கருக்கிட்டான். தெரிஞ்சவங்க யாராவது போடறதா இருந்தா போடுங்க. தெரியாதவன் கை வச்சா கைய ஒடிச்சிருவேன்."

"நான் போடறேன்க்கா."

"நீ இறங்கக்கூடாது!" தெசாங்கா கவுனைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "வண்டில ஏறின பொண்ணு கோயில் வாசல்லதான் கால் வைக்கணும்! கும் இருக்கார், அவர் பாத்துப்பார்."

கும் ஏற்கெனவே இறங்கியிருந்தார். ராதோயே கொண்டுவந்த கேபிளைத் தோளில் மாலையாகப் போட்டுக்கொண்டு, வாயில் சிகரெட்டோடு, பானெட்டைத் திறந்து ஆராய்ந்துகொண்டிருந்தார். பால்காரப் பெண்ணைக் கவனிக்க விடாமல் நெவேனாவின் அப்பா தோமா தட்டோடு வந்து மறித்தார். கல்யாண வண்டியை எதிர்கொண்டவர்கள் ஒரு வாய் குடிக்காமல் போகக்கூடாது. "நான் வண்டி ஓட்டறவ, குடிக்கமாட்டேன்" என்று அவள் சொல்லச் சொல்ல, "அப்ப ஒரு கேக்கு, ஒரு வறுவலு" என்று அவளை வாசல்வரை தள்ளிக்கொண்டே போய்விட்டார். விருந்தோம்பலில் ஒரு குறைச்சலும் இல்லை, பாழாய்ப்போன விருந்தோம்பல்.

"இதுல ஒண்ணும் பெரிய வித்தையில்ல" என்று புதிமிர் சுற்றி நின்றவர்களுக்குப் பாடம் எடுத்தார். "டார்ச் லைட்டுல பேட்டரி எப்படிப் போடறோம்? தலைக்கு வாலு, தலைக்கு வாலு. ரெண்டு தலையும் முட்டிக்கிட்டா எரியுமா? எரியாது. அதே மாதிரிதான் இங்கயும். இந்த வண்டி ப்ளஸ் அந்த வண்டி மைனஸுக்கு, அந்த வண்டி ப்ளஸ் இந்த வண்டி மைனஸுக்கு."

நெவேனா ஜன்னல் வழியாகக் கத்தினாள். "கும்! வேண்டாம்! ப்ளஸுக்கு ப்ளஸ்தான்! டார்ச் லைட் வேற, இது வேற! சிகரெட்டத் தூக்கிப் போடுங்க மொதல்ல!"

"பொண்ணு பயப்படுது" என்று புதிமிர் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள்.

"ராதோயே மாமா! நீங்க முப்பது வருஷம் பஸ் ஓட்டினவர். சொல்லுங்க, ப்ளஸ் எதுக்குப் போகணும்?"

ராதோயே வானத்தைப் பார்த்தார். அங்கே ஒரு காக்கைகூட இல்லை. "அது வந்து... பஸ்ல வேற மாதிரி" என்றார். "கும் சொல்லிட்டாரே."

"வெல்கோ!"

வெல்கோ திரும்பினான். ஒரு வழியாகத் திரும்பினான். அவன் முகத்தில் எல்லாம் தெரிந்த பார்வைதான் இருந்தது. "அவர் ஏதோ செய்யட்டும் நெவேனா" என்றான் மெதுவாக. "நான் போய் ஏதாவது சொன்னா சண்டையாயிடும். நேரம்தான் போகும்."

"நேரமா? அந்தாளு கண்ணு போயிரும்டா!"

வெளியே புதிமிர் ஒரு முனையை மாட்டினார், இன்னொன்றை மாட்டினார், மூன்றாவதையும் மாட்டிவிட்டார். நான்காவது கவ்வியைக் கையில் எடுத்துக்கொண்டு, சிகரெட்டும் வாயுமாக நேரே பேட்டரிக்கு மேல் குனிந்தார். கவ்வி உரசியதுதான் தாமதம், சுளீரென்று நீலப் பொறி துள்ளித் தெறித்தது. கூட்டம் 'ஐயோ' என்று ஓடையோரம் ஒதுங்கியது. சிகரெட் வாயிலிருந்து விழுந்தும், புதிமிர் மட்டும் விடவில்லை.

"பாத்தீங்களா, கரண்ட் எப்படித் துள்ளுது! உயிர் வந்துருச்சு!" என்றார். கவ்வியை அழுத்தமாக மாட்ட மறுபடி குனிந்தார்.

இதற்கு மேல் அவளால் முடியவில்லை. கைப்பையை நீட்டி மறித்த தெசாங்காவின் மடி மேலேயே ஏறித் தாண்டி, கதவை உதைத்துத் திறந்து, வெள்ளைச் செருப்போடு சேற்றில் குதித்தாள். இரண்டு எட்டில் போய்ப் புதிமிரின் மணிக்கட்டைப் பிடித்துத் திருகினாள். கவ்வி அவள் கைக்கு வந்தது. வந்த வேகத்தில் மற்ற மூன்றையும் பிடுங்கிப் போட்டாள்.

ட்ரம்பெட் நின்றது. பின்னால் தெசாங்கா "கால வச்சுட்டாளே, மண்ணுல கால வச்சுட்டாளே" என்று புலம்புவது மட்டும் கேட்டது.

"கும்" என்றாள் நெவேனா, மூச்சு வாங்க. "பேட்டரிலேருந்து வாயு வரும். பொறி பட்டா வெடிக்கும், உள்ள இருக்கற அமிலம் நேரா உங்க முகத்துல அடிக்கும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். தள்ளி நில்லுங்க."

புதிமிர் தன் மணிக்கட்டைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். முகம் சாம்பலாகிவிட்டது. அறுபது வருஷத்தில் யாரும் அவர் கையைப் பிடித்துத் திருகியதில்லை, அதுவும் இத்தனை பேர் நடுவில். போய்க் கல் சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டார்.

பால்காரப் பெண் கேக்கை வாயில் அடைத்தபடி ஓடி வந்தாள். "எவன்டா என் வண்டில பொறி பறக்கவிட்டது?"

"இனிமே பறக்காதுக்கா" என்றாள் நெவேனா. "உங்க வண்டிய அணைச்சிருக்கீங்களா? ரெண்டு வண்டியும் முட்டிக்கிட்டு நிக்கலையே? சரி. வெல்கோ! ரேடியோ, விளக்கு, ஹீட்டர், எல்லாத்தையும் அணை! எல்லாரும் சிகரெட்ட எடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் போங்க!"

கவுனைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்து பார்த்தாள். பேட்டரி உப்பவில்லை, விரியவில்லை, ஓரத்தில் கசியவுமில்லை. உறைகிற அளவுக்குக் குளிரும் இன்னும் வரவில்லை. சிவப்புக் கவ்வியைச் செத்த பேட்டரியின் ப்ளஸில் மாட்டினாள். அதன் மறுமுனையைப் பால் வண்டியின் ப்ளஸில் மாட்டினாள். கறுப்பைப் பால் வண்டியின் மைனஸில் மாட்டினாள். கடைசிக் கறுப்புக் கவ்வியைக் கையில் எடுத்துக்கொண்டு, பேட்டரியை விட்டுத் தள்ளி, எஞ்சினில் பெயின்ட் இல்லாத வெறும் இரும்பைத் தேடினாள்.

"அந்த போல்ட்ல போடு" என்றாள் பால்காரப் பெண், தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து. "தொழில் தெரிஞ்ச பொண்ணுதான் நீ. ஸ்டார்ட் பண்ணட்டுமா?"

"பண்ணுங்கக்கா. கொஞ்ச நேரம் ஓடட்டும், இது கொஞ்சம் குடிக்கட்டும்."

பால் வண்டி உறுமியது. நெவேனா சேற்றுக் காலோடு ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பின்னால் தெசாங்கா அழுதுகொண்டிருந்தாள், பக்கத்தில் வெல்கோ கையைப் பிசைந்துகொண்டிருந்தான். யாரோடும் அவள் பேசவில்லை. பேசினால் கத்திவிடுவாள், கத்தினால் அழுதுவிடுவாள் என்று அவளுக்கே தெரிந்தது. நாலைந்து நிமிஷம் விட்டுச் சாவியைத் திருப்பினாள். வண்டி ஒரு செருமல் செருமிவிட்டு ஓட ஆரம்பித்தது.

கூட்டம் ஆர்ப்பரித்தது. ட்ரம்பெட்காரன் ஊத வாயில் வைத்தான். அப்போதுதான் சுவரோரத்திலிருந்து குரல் வந்தது.

"நான் கும் நிக்கல. வேற ஆளப் பாத்துக்கோங்க."

ட்ரம்பெட் இறங்கியது. தெசாங்கா பாய்ந்து இறங்கிப் புதிமிரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கும், சின்னப் பொண்ணு, தெரியாம செஞ்சிட்டா. மன்னிச்சிருங்க. உங்க கையில முத்தம் குடுப்பா. மருமகளே, வா, வந்து குடு."

நெவேனா இறங்கினாள். கல்யாண நாளில் கும்மின் கையில் மணப்பெண் முத்தம் கொடுப்பது வழக்கம்தானே, அதில் அவளுக்கு ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. போய்க் குனிந்தாள். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"முத்தம் கித்தம் வேண்டாம்" என்றார். "என் வார்த்தை தரையில கிடக்குது. அத எடுத்து வைக்கணும். வண்டிய அணை. கேபிளெல்லாம் கழட்டு. நான் சொன்ன மாதிரி, தலைக்கு வாலு, நானே மாட்டி ஸ்டார்ட் பண்றேன். அப்புறம் கோயிலுக்குப் போலாம்."

நெவேனா தன் காதையே நம்பவில்லை. "ஓடற வண்டிய அணைச்சிட்டா?"

"ஓடற வண்டிய அணைச்சிட்டு."

"கும், அப்படி மாட்டினா ரெண்டு வண்டியும் போயிரும். உங்க கண்ணும் போயிரும்."

"பாத்தீங்களா" என்றார் புதிமிர் கூட்டத்திடம். "இன்னும் எனக்குப் பாடம் எடுக்கறா."

உடனே ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். "ஒரு தடவ அவர் ஆசைக்கு விட்டுரும்மா", "பெரிய மனுஷன் சொல்றாருல்ல", "சும்மா தொட்டுட்டு எடுத்துரட்டும்", "மணி மூணேகால் ஆச்சு, பிடிவாதம் பிடிக்காதே". பிடிவாதமாம்! அவளுக்குப் பிடிவாதமாம்! அவள் அப்பா தோமாகூடக் காதருகே வந்து, "கும் இல்லாம கல்யாணம் இல்லையேம்மா" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அப்பாவே சொல்லிவிட்டார். மூன்றாவது தடவையும் போயிற்று என்று நெவேனா நினைத்தாள். இந்தத் தடவை சாவு இல்லை, எலும்பு முறிவு இல்லை, ஒரு டார்ச் லைட்டுக்காகப் போயிற்று.

வண்டிக்குள் இருந்த வெல்கோ ஓட்டுநர் பக்கமாகச் சாய்ந்தான். அவன் கை சாவியை நோக்கிப் போனது.

அதை எல்லாரும் பார்த்தார்கள். "அப்படிப் போடு, புத்திசாலிப் புள்ள" என்றாள் தெசாங்கா. நெவேனா தடுக்கவில்லை. அணைக்கட்டும், அணைத்தால் அதோடு எல்லாம் தெளிவாகிவிடும் என்று கல்லாக நின்றாள்.

சாவி மேல் கை வைத்தவன் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தான். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு கையை எடுத்துவிட்டுக் கதவைத் திறந்து இறங்கினான். நேரே புதிமிரிடம் போனான்.

"கும், நீங்க தப்பா மாட்டினீங்க" என்றான். அது எல்லாருக்கும் கேட்டது. "எனக்கு அப்பவே தெரியும். மாமாவுக்கும் தெரியும். சொல்லாம இருந்தது எங்க தப்பு. அவ சொன்னா, உங்க கண்ணு தப்பிச்சுது. வண்டிய நான் அணைக்க மாட்டேன். இப்படியே ஏறி வரீங்களா?"

தெசாங்கா மகனின் கையில் ஓங்கி அடித்தாள். "யாருகிட்ட பேசற? மூணு தலைமுறையா நம்ம கும்!"

"வரமாட்டேன்" என்றார் புதிமிர்.

"சரி" என்றான் வெல்கோ. தொப்பியைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பால் வண்டியின் ஜன்னலுக்குப் போனான்.

"அக்கா, உங்க பேரு என்ன?"

"சாகொர்கா. ஏன்? பேச்ச முடிச்சுக் கேபிளக் கழட்டுங்கப்பா, எனக்கு நேரமாச்சு."

"ஞானஸ்நானம் வாங்கினவங்கதானே?"

"என்னடா கேள்வி இது? காவ்ரிலோ பாதிரியாரோட அப்பா, அவரும் பாதிரியார்தான், அவர்தான் என் தலைல தண்ணி ஊத்தினாரு."

"வழியில எதிர்ல வந்தவங்களக் கும்மா வாங்கன்னு கூப்பிட்டா, மாட்டேன்னு சொல்லக்கூடாது. அது உங்களுக்கே தெரியும்." வெல்கோ தொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டான். "நான் கூப்பிடறேன்."

சாகொர்கா அவனைப் பார்த்தாள், சுவரோரத்துப் புதிமிரைப் பார்த்தாள், சேற்றுக் கவுனோடு நின்ற நெவேனாவைப் பார்த்தாள். "அடப்பாவிங்களா" என்றாள். "பால் எடுக்க வந்தவள..." தலைத்துணியை அவிழ்த்து உதறி, ஒழுங்காக மறுபடி கட்டிக்கொண்டாள். "பூட்ஸோடதான் வருவேன், சொல்லிட்டேன். எங்கிட்ட வேற செருப்பு இல்ல. நான் முன்னாடி ரிவர்ஸ்லயே மேட்டுக்குப் போறேன், நீங்க ஒட்டியே வாங்க. மேட்டுல திருப்பிக்கறேன். ம், யாராவது இதக் கழட்டுங்க!"

ராதோயே யாரும் சொல்லாமலே வந்தார். எஞ்சின் போல்ட்டில் இருந்த கறுப்புக் கவ்வியை முதலில் கழற்றினார், பிறகு பால் வண்டியின் கறுப்பை, பிறகு சிவப்பு இரண்டையும். முனைகள் ஒன்றோடொன்று தொடாமல் கேபிளைச் சுற்றினார். பஸ்ஸில் வேற மாதிரி இல்லை போலும். நெவேனாவின் முகத்தைப் பார்க்காமலே பானெட்டை மூடிவிட்டுப் போனார்.

நெவேனா ஸ்டீயரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது, அதைத் துடைத்த கையின் கறுப்பு அழுக்கு கன்னத்தில் ஒட்டியது. கோபமும் போகவில்லை. இரண்டு வருஷமாக இந்த வாய் எங்கே போயிருந்தது என்று அவனை நாலு அறை விடலாம் போல இருந்தது. கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. வெல்கோ வந்து பக்கத்தில் ஏறினான். வெளியே தெசாங்கா பாதை நடுவில் நின்று, புதிமிர் பக்கம் ஒரு தடவையும் வண்டிப் பக்கம் ஒரு தடவையுமாகத் திரும்பிக்கொண்டிருந்தாள்.

"அம்மா என்னைக் கொன்னுருவா" என்றான் வெல்கோ.

"கொல்லட்டும்" என்றாள் நெவேனா. "பெல்ட்டப் போடு."